சட்டைப் பையில் சிவப்பு நூல்

அண்ணா,

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மா வாசலில் துணி அலசினாள். சோப்பு நுரை வழிந்து என் கதவு வரை வந்தது. மற்றவர்களுக்கு அது வீட்டு வாசனை. எனக்கு ஆற்று வாசனை. தென்பெண்ணையில் தண்ணீர் கூடுதலாக வரும் நாட்களில் நம் தரைப்பாலத்துக்குக் கீழே நுரை ஆள் உயரம் நிற்குமே, அதே வாசனை. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதோடுதான் நாம் இருவரும் வீடு திரும்பினோம். கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றிருந்தேன். பிறகு உள்ளே வந்து நோட்டை எடுத்தேன்.

ஆமாம், நோட்டு. நான்தான் எழுதுகிறேன், சொல்லி எழுத வைக்கவில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டம்ளரில் டீ ஆறிவிடுகிறது. ஆறினால் ஆறட்டும், வரி நிற்கிறதே! வாய் திறந்து பேசினால் உன்னை ‘நீ’ என்றுதான் சொல்வேன். மடலில் பெரியவர்களுக்கு ‘நீங்கள்’ என்று எழுத வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன், யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

போன வாரம் ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு வண்டியின் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தளி. பக்கத்தில் நின்றவரிடம், “இது தளி பஸ்ஸு” என்றேன். “அதான் எழுதியிருக்குதே” என்றார் அவர். “அதத்தாம்பா நானும் சொல்றன்” என்றேன். எனக்குத் தளிக்குப் போகிற வேலை எதுவும் இல்லை. வண்டி கிளம்பும் வரை அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வேறு யாரிடம் சொல்ல என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாம் பழகியதே நான் உன்னைக் கேலி செய்ததில் இருந்துதானே. நீங்கள் கம்பெனி ஆட்கள் ஒரு கூட்டமாக, தலையில் தொப்பியோடு ஆற்றில் குப்பை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் கரையில் நின்று, “நாளைக்கே மறுபடி வந்து நிக்கும்ணா, எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். “அப்ப நாளைக்கும் எடுப்போம்வே. உமக்கு வேற சோலி எதும் இருக்கா?” என்றாய். எனக்கு வேறு சோலி இல்லை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் பட்டுக் கை கால் அரித்ததில் நிலத்தில் கொத்தமல்லி போடுவதையும் விட்டிருந்தேன். அடுத்த வாரம் புளி உலுக்கும் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். நீளமான மூங்கில், நுனியில் கொக்கி. அதைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து அல்ல, தொரட்டியைப் பார்த்து.

கூட்டம் மெல்லக் கரைந்தது. ஒருவருக்கு ஷிப்டு மாறியது, ஒருவருக்கு ஓ.டி. வந்தது, ஒருவர் சூளகிரிப் பக்கம் குடி போனார். மழைக்காலம் முடிவதற்குள் நீயும் நானும்தான் மிஞ்சினோம்.

நமக்கு அதிகம் சிக்கியது துணி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செத்தவரின் பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். பிளாஸ்டிக் மிதந்து போய்விடும். துணி போகாது. தரைப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயில் சுற்றிக்கொண்டு, மண்ணைக் குடித்து, ஆற்றையே நிறுத்திவிடும். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று அவிழ்ப்பாய், நான் மேலிருந்து இழுப்பேன். ஈரத் துணியைக் குப்பை வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் கரையில் விரித்துக் காயவைத்த பிறகுதான் கட்ட வேண்டும் என்பது உன் சட்டம். ஒவ்வொரு துணியையும் மரியாதையாக அழைப்பாய். “வாரும், மேல வாரும். குளிச்சது போதும்.” எந்த ஊர், எந்தச் சாதி, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. எல்லோருக்கும் அதே அழைப்புதான்.

ஒருநாள் புதுப் பாய் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தோம். “வே, நான் போயிட்டா எந்துணி ஒண்ணுகூட இதுல விழக் கூடாது. நீருதான் பாத்துக்கிடணும்” என்றாய்.

“நான் முந்திட்டா?”

“உமக்கு இருக்கதே ரெண்டு வேட்டி. மடக்கி என் பையில வச்சுக்கிட்டுப் போயிருவேன்.”

சிரித்தோம். பிறகு நீ சிரிக்காமல் கையை நீட்டினாய். நான் அதில் அடித்து, “ஆவட்டும்ணா” என்றேன்.

ஆடியில் நீ போய்விட்டாய். குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது உட்கார்ந்தவர் எழவில்லை என்றார்கள்.

காரியத்துக்கு உன் மகன் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? நம் தரைப்பாலம். அப்பாவுக்குப் பிடித்த இடம் என்றானாம். நானும் போனேன். கையில் தொரட்டி. பாய், தலையணை, ஒரு வேட்டியில் கட்டிய துணி மூட்டை. ஆற்று வேலைக்கென்று நீ வைத்திருந்த பழைய யூனிபார்ம் சட்டை மூட்டைக்கு வெளியே தொங்கியது. நீலச் சட்டை, பையின் மேல் சிவப்பு நூலில் உன் பெயர். கம்பெனியில் எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதென்று அண்ணி தன் கையால் தைத்தது.

நான் உன் மகன் அருகில் போய், “தம்பி, துணிய ஆத்துல போட வேணான்னு அப்பா எங்கிட்ட சொல்லியிருக்காரு” என்றேன். அவன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உன் அண்ணனைப் பார்த்தான்.

“நீரு யாரு?” என்றார் அவர்.

“ஆத்துல அவரு கூட வேல செஞ்சவன்.”

“கூலிக்கா?”

“இல்லீங்க, சும்மாதான்.”

“சும்மா வேல செஞ்சவரு சும்மா இரும். இது எங்க வீட்டுக் காரியம்.”

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று வருடத்தில் நான் உன் வீட்டு வாசற்படி ஏறியது இரண்டு தடவை. நான் உனக்கு யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சரி, போடட்டும், எல்லோரும் கிளம்பியதும் இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அங்கேயே, அப்போதே, அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

போட்டார்கள். மூட்டை நேராகப் போய் நம் குழாய் வாயில் சிக்கியது. எல்லாத் துணியும் சிக்குகிற இடம்தானே. ஆனால் அண்ணிக்கு அது தெரியாது. “போவ மாட்டேங்காரே, என்ன விட்டுட்டுப் போவ மனசு வரலியே அவருக்கு” என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கிளம்பவில்லை. அப்போது அவள் கண் என் கைக்கு வந்தது.

“தம்பி, உங்க கையில கம்பு இருக்கே. கொஞ்சம் தள்ளிவிடுங்க தம்பி. அவரு நல்லபடியாப் போவட்டும்.”

தள்ளினேன் அண்ணா. நான்தான் தள்ளினேன். உன் கையில் அடித்துக் கொடுத்த அதே கையால். அந்தத் தொரட்டி அதுவரை இழுத்துத்தான் பழக்கம். மூட்டை குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது, முடிச்சு அவிழ்ந்தது, நீலம் ஒரு தடவை தெரிந்தது. பிறகு நுரை. அண்ணி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பாய் மறுநாளே கிடைத்தது. அடுத்த ஞாயிறு முள்ளில் மாட்டியிருந்த தலையணை. சட்டை மட்டும் கிடைக்கவில்லை. நம் பக்கத்து ஆற்றில் நீலச் சட்டைக்கா பஞ்சம்? வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போகிற ஊர். பையில் எழுத்தோடு ஒரு சட்டை வந்தால் எனக்கு உயிரே நின்றுவிடும். ஆனால் அது உன் பெயரா என்று தெரியாது. பாலத்து டீக்கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு ஓடுவேன். “இது வேற யாரோ” என்பார். மூன்றாவது முறை, “பெரியவரே, நானு டீ ஆத்தறதா, உங்களுக்குப் பேரு படிக்கிறதா?” என்று சிரித்தார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது.

அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன். சர்ச் மண்டபத்தில் சிஸ்டர் ஒருவர் மாலையில் நடத்துகிறார். முதலில் அவரவர் பெயரை எழுதக் கற்றுத் தருவார். நான் உன் பெயரைச் சொன்னேன். “இதான் உங்க பேரா ஐயா?” என்றார். “இல்லம்மா, நான் தேடற பேரு” என்றேன். அவர் அதைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தார். ஐந்து எழுத்து. ஒரு மாதம் ஆயிற்று. சரியாக வந்த அன்று சிலேட்டை அழிக்க மனமில்லாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் பெயரை அதற்கு அப்புறம்தான் கற்றேன்.

போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். காபி கொடுத்தாள். “இன்னேரம் கடலுக்குப் போய்ச் சேந்திருப்பாரு தம்பி. இந்த ஆத்துக் கடலும் எங்க ஊருக் கடலும் ஒண்ணுதானே? ஊருக்கே போன மாதிரி” என்றாள். முகம் அத்தனை நிம்மதியாக இருந்தது. நடுவில் அணை இருப்பது எனக்குத் தெரியும், துணி எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரியும். “அன்னிக்கு இருந்த தண்ணி வேகத்துக்கு எப்பவோ போயிருப்பாருங்க அண்ணி” என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கை ஒரு தடவை உடைத்தேன், அன்றைக்கு அதன் மேல் மண்ணும் போட்டுவிட்டேன். இனி சட்டை கிடைத்தாலும் அவளிடம் காட்ட முடியாது. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். சொல்லிவிட்டேன்.

தேடுவதை நிறுத்தவில்லை. இப்போது தரைப்பாலத்திலிருந்து கீழே புளியந்தோப்பைத் தாண்டிவிட்டேன். நுரை குறையவில்லை, அது மேலேயிருந்து வருவது, என் தொரட்டிக்கு எட்டாது. ஆனால் அவ்வளவு தூரத்துக்குத் துணி இல்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஓரிடத்தில் கல்லுக்கடியில் கெண்டைக் குஞ்சுகள்கூடப் பார்த்தேன். ஆற்றுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். உன் சட்டை அடியில் கிடக்குமோ என்று தூக்கித் தூக்கித்தான் மற்றதெல்லாம் கரையேறியது.

பெயர் தைத்த சட்டை அபூர்வமாகத்தான் வருகிறது. கன்னடத்தில் இருந்தால் என் வாய்க்குக் கன்னடம் வரும், கண்ணுக்கு வராது. தமிழில் இருந்தால் மண்ணைக் கழுவி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படிக்கிறேன். உன் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகும் கடைசி எழுத்து வரை படித்து முடித்துவிட்டுத்தான் விரிக்கிறேன். பாதியில் விட மனம் வரவில்லை. அவர்களுக்கும் யாராவது கையடித்து வாக்குக் கொடுத்திருப்பார்கள்.