அமாவாசைக்கு ஆள் இல்லை

ஜூலை 3, 2025
போத்தனூர் காப்பகக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். இருபதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். வீடில்லாத இருபது பேரை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பொறுப்பாளர் என்று எனக்கு ஒரு பட்டம் வேறு.

ஜூலை 8
இரண்டு இடம் பார்த்தேன். தங்கப்போவது யாரென்று தெரிந்ததும் முதல் வீட்டுக்காரருக்கு வாஸ்து சரியில்லாமல் போய்விட்டது. அடுத்த வீட்டில் காப்பி கொடுத்து, "கண்ணு" என்று கூப்பிட்டு அனுப்பிவைத்தார்கள். எங்கள் ஊர் மரியாதை அது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

ஜூலை 11
சென்னகேசவனைப் போய்ப் பார்த்தேன். ஆடி அமாவாசை தவறாமல், செத்துப்போன அப்பா பேரில் எங்கள் ஆட்களுக்கு இலை போடுகிற புண்ணியவான். மூடிக்கிடக்கும் அவருடைய மில்லில் கேன்டீன் சும்மாதான் இருக்கிறது. தண்ணீர், கக்கூஸ் எல்லாம் உண்டு. வாடகை தருகிறேன் என்றேன்.

"சோறு எத்தன தடவ வேணாலும் போடறனுங்க அம்மணி. குடிவெக்கறதுன்னா... பக்கத்துலயே எம்பொண்ணு ஊடு இருக்குதுங்க."

சோறு திங்கறப்ப சாமி, படுக்க எடம் கேட்டா திருடனா? தூ.

ஜூலை 20
இடம் கிடைக்கவில்லை. பெண்கள் தாராபுரம் காப்பகத்துக்கு, ஆண்கள் பொள்ளாச்சிக்கு.

காளிச்சாமிக்கு இரண்டு கையும் விளங்காது. பங்காரம்மாதான் ஊட்டிவிடுவாள். உறவெல்லாம் இல்லை, பஸ் ஸ்டாண்டில் ஏற்பட்ட பழக்கம். வேனில் ஏறும்போது, "அவருக்கு யாருங்க ஊட்டுவாங்க?" என்று கேட்டாள்.

வேன் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 21
பொள்ளாச்சியிலிருந்து போன். காளிச்சாமி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாராம்.

ஜூலை 22
சென்னகேசவன் கூப்பிட்டார். "ஏனுங்க, நாளான்னிக்கு அமாவாச. வழக்கம்போல இருவது எலை போட்டர்றனுங்க."

"ஆளில்லைங்க."

"எங்க போனாங்க?"

"எடமில்லாம ஊர் ஊரா அனுப்பிப்போட்டேனுங்க."

சாயங்காலம் மறுபடியும் போன். ஊரிலுள்ள எல்லாக் காப்பகத்துக்கும் அலைந்திருக்கிறார். ஆடி அமாவாசைக்கு எல்லாமே ஆறு மாதம் முன்பே புக் ஆகிவிட்டதாம், தாராபுரமும் பொள்ளாச்சியும்கூட. கோயமுத்தூரில் பசித்தவனுக்குத் தட்டுப்பாடு! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்பா போனதுலருந்து ஒரு வருசங்கூட நின்னதில்லைங்க. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வரச்சொல்லுங்க, வேன் நான் அனுப்பறேன்."

"வந்தா குடியிருக்கத்தானுங்க வருவாங்க. மூணு வருச ஒப்பந்தம்."

"ஒப்பந்தமுங்களா?" என்று இழுத்தார். பொண்ணு ஊடு ஞாபகத்துக்கு வந்திருக்கும். அப்பா அதைவிடப் பெரியவர் போல, "செரிங்க, கேன்டீன்லயே இருக்கட்டுங்க" என்றார்.

ஜூலை 24, ஆடி அமாவாசை
கேன்டீனில் இருபது இலை. நேற்றே எல்லோரையும் கொண்டுவந்துவிட்டேன். வாசலில் அவருடைய அப்பா பேரில் போர்டு, கதவைவிடப் பெரியது. தொங்கட்டும்.

பங்காரம்மா ஊட்ட ஊட்டக் காளிச்சாமி சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சென்னகேசவன் வடையோடு வந்து நின்று, "அடுத்த வருச அமாவாசைக்கும் இங்கதானுங்க இருப்பீங்க?" என்று கேட்டார். கவலையாகத்தான் கேட்டார்.

அவள் கையை நிறுத்தவில்லை. "நாங்க இருப்பமுங்க. நீங்க கதவப் பூட்டிப்போட மாட்டீங்களே?"

அவர் பாயசம் எடுக்கப் போய்விட்டார். சாவி என் பையில் இருந்தது.