முதலில் சுவிட்ச், பிறகு எஞ்சின்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நடு ஏரியில் பாட்டரி கையை விரித்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்றொரு முனகல், அவ்வளவுதான். காய்கறிப் படகுக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்தார். முட்டைக்கோஸ் மூட்டைகளின் பின்னால் கம்பீரமாக அமர்ந்துவர என்னால் இயன்றதைச் செய்தேன்.

படகுத்துறையில் சம்பந்தி நின்றிருந்தார். மருமகளின் தந்தை, படகில் சரிபாதிப் பங்குதாரர்.

"என்ன சம்பந்தி, முட்டைக்கோஸ் வாங்கவா போயிருந்தீங்க?"

மரியாதை கருதிக் கயிற்றை அவிழ்ப்பதில் முனைந்தேன்.

23ஆம் தேதி மகனும் மருமகளும் வருகிறார்கள். அவர்களை அக்கரைக்கு அழைத்துச் செல்லும்போது சுக்கானைப் பிடிக்கப்போவது நானா, இந்த மனிதரா? அதுதான் கேள்வி.

மார்ச் 5, புதன்

காரணம் சம்பந்தியே. எஞ்சினை நிறுத்துவார், இறங்குவார், சீழ்க்கையடித்துக்கொண்டே போய்விடுவார். பாட்டரியின் மெயின் சுவிட்ச் என ஒன்றை அணைக்க வேண்டும் என்பதே அவர் நினைவில் இராது. மின்சாரம் ஒழுகாமல் என்ன செய்யும்? என் முறை வேறு. கரை நெருங்கியதும் முதலில் சுவிட்ச், பிறகே எஞ்சின். இன்று அதை அவருக்கு விளக்கமாக எடுத்துரைத்தேன்.

"சரிங்க சம்பந்தி. இனிமே நீங்க சொன்னதுதான் சட்டம்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பாட்டரி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளக்கின்றன. பயன் ஏதுமில்லை.

மார்ச் 8, சனி

பாட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றிவந்து, மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் நின்றிருக்கையில் 12.4 வோல்ட். ஓடும்போது 14ஐத் தொட வேண்டும், அதே 12.4. ஆக, ஒழுகல் அன்று, வரத்தே இல்லை! ஃபியூஸ் நலம். ஒயர்கள் நலம். எஞ்சினில் பிறக்கும் மின்சாரத்தைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர்தான் கருகியிருக்கிறது.

புதிது வாங்கி மாட்டினேன். 14.1! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காய்ச்சல் குறைஞ்சிடுச்சா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

சம்பந்தி ஒரு சுற்றுப் போய்வந்தார். என் முறைப்படியே நிறுத்தினாராம். நல்லது. மனிதன் திருந்துவதற்கு வயது தடையன்று.

மார்ச் 11, செவ்வாய்

சம்பந்தியைக் காய்கறிப் படகு இழுத்துவந்தது!!

நான் துறையில்தான் இருந்தேன், தற்செயலாக. "முட்டைக்கோஸ் இன்னைக்கு எப்படி சம்பந்தி, இளசா?" என்று விசாரித்தேன். மனம் நிறைந்தது.

மாலையில் மீட்டர் வைத்தால் புது ரெக்டிஃபையரும் கருகியிருக்கிறது. "நீங்க சொன்னதைத் தவிர நான் வேற எதுவும் செய்யலைங்க" என்று சாதிக்கிறார். வாக்குவாதம் முற்றியதில் நானே ஒரு நிபந்தனை விதித்தேன். கோளாற்றின் மூலத்தைக் கண்டறிபவர் எவராயினும், 23ஆம் தேதி சுக்கான் அவருக்கே. ஏனையோர் முன்பலகையில் அமர வேண்டும். மனைவி சாட்சி. சொற்களை எண்ணிக் கோத்திருந்தேன். தப்பிக்க அவருக்கு இடுக்கே கிடையாது.

மார்ச் 15, சனி

இன்னொரு ரெக்டிஃபையர் மாட்டியாயிற்று. சம்பந்தியை அண்டவிடாமல், மனைவியை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் 14.1. கரை நெருங்கியதும் முறைப்படி சுவிட்சைத் திருப்பி அணைத்தேன். சாவிக்குப் பக்கத்திலிருந்த சிறு விளக்கு பளீரென மின்னி அணைந்தது.

"என்னங்க இது? எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும்போதே எதுக்கு அதைத் திருப்புனீங்க?"

"அதுதான் முறை."

"நல்ல முறை போங்க! அது பாட்டுக்கு ஊத்திக்கிட்டிருக்கு, நீங்க அடியில இருந்து பாத்திரத்தை உருவிட்டீங்க. அது எங்கதான் போய் ஊத்தும்?"

பெண்களுக்கு எல்லாவற்றிலும் சமையலறைதான் என்று சொல்லிவிட்டு, மீண்டும் எஞ்சினைக் கிளப்பி மீட்டர் வைத்தேன்.

12.4.

மார்ச் 16, ஞாயிறு

ஐயோ. பாத்திரமேதான். போக வழியில்லாத மின்சாரம் ரெக்டிஃபையர் மேலேயே பாய்ந்திருக்கிறது. அப்படியானால் மூன்றையும் — நானா? சீழ்க்கையடித்துக்கொண்டு போன அந்த ஆள் செஞ்சது சரியா? அவரு என் பேச்சைக் கேட்டு நிறுத்துன அன்னைக்குத்தானே இரண்டாவது போச்சு!

இதை யாரிடம் போய்ச் சொல்வது?

யாரிடமும் சொல்ல வேண்டாம். கண்டறிந்தவன் நான் என்றே அறிவிக்கலாம். மீட்டர் என் கையில்தானே இருந்தது?

மார்ச் 17, திங்கள்

நான்காவது ரெக்டிஃபையரை வேறு கடையில் வாங்கினேன். பழைய கடைக்காரர் என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போடத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

மாலை காப்பிக்குச் சம்பந்தியை அழைத்து, எழுந்து நின்று அறிவித்தேன். எஞ்சின் ஓடுகையில் சுவிட்சை அணைத்தலாகாது. தொடர்ந்த ஆய்வின் வாயிலாகக் கண்டறியப்பட்ட உண்மை இது.

"அணைக்கணும்கிறதுதானே நீங்க போட்ட சட்டம், சம்பந்தி?"

"சட்டங்கள் திருத்தத்துக்கு உட்பட்டவை."

"சரி, ஆய்வு பண்ணது யாரு?"

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "அவர்தான் அண்ணா. நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்து பாத்திரம் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"'எவராயினும்'னு சொன்னீங்களே சம்பந்தி. என் காதால கேட்டேன்."

மார்ச் 21, வெள்ளி

நேற்றும் இன்றும் மாலையில் ஏரியில் நம் மோட்டாரின் ஓசை. சம்பந்தியின் குரலும் கேட்டது: "மெதுவா, மெதுவா... ஆங், அப்படித்தான்!" நான் விசாரிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வானம் தெளிவு. காற்று மிதம். போகவும் வரவும் 14.1.

முன்பலகை இருவருக்குச் சற்றுக் குறுகல்தான். மகனும் மருமகளும் பின்னால் அமர்ந்து கைதட்டிக்கொண்டே வந்தார்கள். நடு ஏரியில் காய்கறிப் படகைச் சர்ரென்று முந்தினோம். அந்தப் படகுக்காரர், பழக்கதோஷம், கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். சம்பந்தி முழங்கையால் என்னை இடித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கரை வந்தது. மனைவி முதலில் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு, என்னையே பார்த்துக்கொண்டு, சுவிட்ச்.