அப்பா பின்பக்கமாக நடப்பது பற்றி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அந்தச் சுகத்தில் என் இடது குதிகாலைச் சேர்க்காதே, அது எட்டு வருடமாகத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டுக்காரர் உனக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா, தெருவுல பின்பக்கமாவே நடக்கிறார்" என்று சொன்னாராம். நீ அழுதாயாம், விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாயாம். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் புத்தி அதன் இடத்திலேயே இருக்கிறது.

முப்பத்துமூன்று வருடம் வீடுவீடாக ஏறி இறங்கி மின்மீட்டர் பார்த்த கால் இது என்று உனக்குத் தெரியும். சர்க்கரை டாக்டர் "நடக்கலேன்னா சர்க்கரை ஏறும்" என்கிறார், கால் டாக்டர் "இப்படி நடந்தா குதிகால் தாங்காது" என்கிறார். இருவருக்கும் அடுத்தடுத்த அறை. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம் என்று பார்த்தேன், நர்ஸ் விடவில்லை. சரி, படுத்தபடி காற்றில் சைக்கிள் மிதிப்போம் என்று கூடத்தில் மிதித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பால்காரர் வலிப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் பிரஷர் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருநாள் மருந்துக்கடைக்குப் போகும்போது தச்சுப்பட்டறை நாய் உறுமிக்கொண்டு வந்தது. நாய்க்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது மீட்டர்காரனின் முதல் பாடம் அல்லவா, அதன் கண்ணைப் பார்த்தபடியே பின்வாங்கினேன். அதுவும் விடவில்லை, நானும் விடவில்லை, தெருமுனை வரை போனோம். நாய் அலுத்துப்போய்த் திரும்பியபிறகுதான் எனக்கு உறைத்தது, குதிகால் வலிக்கவே இல்லை! கால் டாக்டரிடம் ஓடினேன், அதாவது ஆட்டோவில். விரல்பக்கம் முதலில் ஊன்றுவதால் குதிகாலில் சட்டென்று பாரம் விழாது, சமதரையில், துணையோடு, கொஞ்ச நேரம் நடக்கலாம் என்றார். நடக்கலாம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

முதல் நாள் தனியாகப் போய், நேராக சலூனுக்குள் நுழைந்து நாற்காலியில் இடித்து உட்கார்ந்துவிட்டேன். சலூன்காரர் துணியைப் போர்த்திவிட்டார், வந்ததற்கு முடி வெட்டிக்கொண்டேன். மறுநாள் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் நிறுத்தி, "பெரியவரே, போறீங்களா வர்றீங்களா?" என்றான். எனக்கே சரியாகத் தெரியவில்லை. அப்புறம்தான் உன் அம்மா துணைக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் விடுவிடுவென்று முன்னே போவேன், அவள் பத்தடி பின்னால் வருவாள். இப்போது முகத்துக்கு முகம் பார்த்தபடி நாற்பது நிமிடம். முதல் வாரம் என்ன பேசுவதென்று தெரியாமல் மழை வருமா என்று பேசிக்கொண்டோம். அடிக்கடி முகத்தைச் சுளிப்பாள், என் லட்சணம் அப்படி என்று விட்டுவிட்டேன்.

போன வியாழக்கிழமை "நேரா வாங்க, இடது பக்கம், மூணு படி, இப்ப உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் மனநல டாக்டர்! நீ சொல்லிக்கொடுத்தாயாமே. ஊரை நம்பாமல் இவளை நம்பினேனே என்று கொதித்துவிட்டேன். டாக்டர் தன்மையானவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், மளமளவென்று இரண்டு வரைக்கும் இறங்கி, இன்னும் கீழே போகவா என்று கேட்டேன். நடந்து காட்டச் சொன்னார். வராந்தாவில் நான் பின்னால் போக, வழக்கம்போல உன் அம்மா எதிரே வந்தாள். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. "அம்மா, உங்க முழங்கால் எவ்வளவு நாளா வலிக்குது?" என்றார். நாலு வருஷமா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க முன்னாடி போயிட்டே இருந்தீங்க, யார்கிட்ட சொல்றது?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அம்மாடி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் விடுப்பை ரத்து செய்யாதே. எனக்காக இல்லை, அவளுக்காக வா. முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று நான் சொன்னால் அடுப்பு வேலை இருக்கிறது என்கிறாள், நீ சொன்னால் தட்டமாட்டாள். இனிமேல் போன் செய்தால் முதலில் அவள் காலைப் பற்றிக் கேள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், குட்டிக்கு ஒரு முத்தம். மறக்காமல் அங்கிருந்து நல்ல முழங்கால் உறை ஒன்று வாங்கி வா, சுற்றளவு பதினைந்து அங்குலம். மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது நூல் வைத்து அளந்தேன், கண்ணை விழித்துப் பார்த்துவிட்டு, காலைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா