ஆமைக் கனவு

குளுவாங், 1927 ஆவணி 9

சௌபாக்கியவதி பொன்னுத்தாய்க்குச் சடையன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

கனவில் ஆமை வந்ததாக எழுதியிருந்தாயே, அதைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் உரக்கப் படித்துவிட்டேன். இங்கே சீனர் நடத்தும் சூதில் முப்பத்தாறு மிருகங்கள் உண்டு. கனவில் வந்த மிருகத்தின் மேல் பணம் கட்டுவார்கள். எல்லாரும் ஆமைமேல் கட்டினார்கள். ஆமையே விழுந்தது!

அடுத்த கடிதத்தில் நீ கனவு எதுவும் எழுதவில்லை. கங்காணி காளியப்பன் நம்பவில்லை. "மறைக்கிறியாடா? சொல்லிட்டு வேலைக்குப் போ" என்றார். பயத்தில் மயில் என்று பொய் சொன்னேன். "அப்ப நீயும் கட்டு" என்றார். கப்பலுக்குச் சேர்த்திருந்த பணத்தைக் கட்டினேன்.

மயில் விழவில்லை; எல்லார் பணமும் போயிற்று. தைக்கு ஊர் வர முடியாது. கவலைப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. லயத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இங்கு வருகிற ஆளிடம் கொஞ்சம் சுக்கும், நீ இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்பு.

உண்மைக் கனவை ஒளித்துவிட்டேன் என்று, இப்போது எனக்கு வரும் தபாலைக் கங்காணியே முதலில் பிரித்துப் படிக்கிறார். அதனால் மழை, மாடு, அம்மா பற்றி மட்டும் எழுது. எனக்கென்று சொல்ல நினைப்பதை எழுதாதே. தபால் கொண்டுபோகிறவர் கூப்பிடுகிறார்.

சடையன்