பேஸ் பெட்டியும் சோழகமும்

செப். 4, வியாழன்

சோழகக் காற்று இன்னும் விடவில்லை. சோற்றில் மணல், தலையணையில் மணல். காலையில் கொடியில் போட்ட சீலை மத்தியானம் பக்கத்து வீட்டு வளவில்.

சிலாவத்துறையிலிருந்து சம்மாட்டி ஹனீபா நானா என் போனுக்கு எடுத்தார். என் கணவர் யூட் தன் போனை எடுப்பதில்லை என்று படகு வைத்திருக்கும் முழுச் சம்மாட்டிமாருக்கும் தெரியும். காற்று விழப்போகிறது, கடலட்டை எடுக்கும் குளிப்புக்கு ஆள் சேர்க்கிறார். "தங்கச்சி, யூட்டுத் தம்பி மாதிரி ஒரு சுழியோடி எனக்கு அம்பிடமாட்டான். காது சுகம் எண்டு சொன்னவர்தானே. வாறதெண்டா அடுத்த ஞாயிறு வந்து கை தரச் சொல்லுங்க."

காது சுகமாம்! என் கணவர் வாயால் சொன்னது. போன சீசனில் தண்ணீருக்கு அடியில் காது வெடித்து இரத்தம் வந்த மனுசன். மேல் சத்தமெல்லாம் போய்விட்டது. குருவி, சைக்கிள் மணி, என் குரல். தடித்த சத்தம் மட்டும் மிச்சம். இன்னொருமுறை இறங்கினால் அதுவும் போகும் என்று டொக்டர் எழுதியே தந்தார். அதன் பிறகுதான் ஓட்டோ ஓட்டம்.

கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். "ஓட்டோவுக்குள்ள இருந்து என்ன செய்யிறது? சத்தமில்லாமப் படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

கை கொடுத்தால் முடிந்தது. சீசன் முழுக்க அந்தப் படகுதான். அதுதான் இங்கே வழக்கம், எழுத்தும் இல்லை சாட்சியும் இல்லை.

வாங்க வேண்டியது: தேங்காய், நெருப்புப்பெட்டி, காஸ் லைட்டருக்குக் கல்.

செப். 5, வெள்ளி

இன்று நான் வேலை செய்யும் சவுண்ட் கடையில் ஒன்று நடந்தது. எழுதாவிட்டால் நித்திரை வராது.

பெரியமடுவிலிருந்து வந்த வானுக்கு, தடித்த சத்தம் தரும் பேஸ் பெட்டி பூட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். யூட் எனக்குச் சோறு கொண்டு வந்தார். வானில் சாய்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடியுமட்டும் விரல் தாளம் போட்டது. ஒரு இடத்திலும் பிசகவில்லை. பிறகு, "இது எங்கட கலியாண வீட்டில போட்ட பாட்டு" என்றார்.

அதே பாட்டுத்தான்.

தாசன் அண்ணனிடம் (முதலாளி) உடனே சொல்லிவிட்டேன், யூட்டின் ஓட்டோவுக்கு ஒரு பெட்டி அடிக்கப்போகிறேன் என்று. "ஓட்டோவுக்கா? அதுக்குள்ள ஆக்கள் இருக்கவே இடமில்லப் பிள்ளை." இடம் எங்கே இல்லை, பார்ப்பவருக்குத்தான் தெரியவில்லை. எத்தனை வான், எத்தனை கார் பார்த்த கை இது.

செப். 6, சனி

ஓட்டோவை அளந்தேன். பின் சீற்றுக்குப் பின்னால் உள்ள பொந்து மட்டும்தான் எனக்கு. கீழே என்ஜின் சூடு. யூட் சுற்றிச் சுற்றி வந்து நிபந்தனை:

மீன் பெட்டி ஒன்று வைக்க இடம் வேண்டும்.
ஆட்களின் முதுகில் இடிக்கக்கூடாது.
பின்னாலிருக்கும் மாதா படத்தைத் தொடக்கூடாது.

சரி. வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் மீனுக்கு, மாதா இருந்த இடத்திலேயே.

60 × 30 × 23 செ.மீ. இதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. பத்து அங்குல ஸ்பீக்கர் ஆசையை விட்டுவிட்டேன். எட்டு அங்குலம். பலகைத் தடிப்பு, ஸ்பீக்கரின் முதுகு, குழாய் எல்லாம் கழித்து உள்ளே 25 லீற்றர். போதும்.

தாசன் அண்ணன் குழாய் வேண்டாம், அடைத்த பெட்டி அடி, சின்ன இடத்துக்கு அதுதான் பிழை விடாது என்கிறார். அடைத்த பெட்டி நல்ல பிள்ளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடியில் இறங்காது. யூட்டுக்கு மிச்சமிருப்பது அடிதான். பெட்டிக்குள் உள்ள காற்றும் குழாய்க்குள் உள்ள காற்றும் சேர்ந்து ஆடினால்தான் அந்தச் சத்தம் வரும். குழாய் போட்டே ஆவது.

செப். 7, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கத்தின்போது குழாய்க் கணக்குப் போட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். 38 ஹேர்ட்ஸ் அடிச் சத்தத்துக்கு மூன்று அங்குலக் குழாய், 31 செ.மீ. நீளம். ஒடுங்கிய குழாய் என்றால் நீளம் குறையும், ஆனால் இழுப்புக்காரன் மாதிரி மூச்சு வாங்கும். எனக்கு அந்தக் கள்ள வேலை வேண்டாம்.

ஆழம் 23தான். 31ஐ எங்கே நிறுத்துவது? நிறுத்த வேண்டாம், படுக்க வைக்கலாம்! பெட்டியின் நீளவாக்கில். வாய் வலப்பக்கச் சுவரில். முன்னால் ஆட்களின் முதுகு, பின்னால் தகரம், வலப்பக்கம் திறந்த வெளி. இதைவிட நல்ல இடம் கிடையாது.

யூட் முழங்காலில் நின்று நெடுநேரம் மன்றாடினார். எதைக் கேட்டாரோ தெரியாது. நான் கேட்டது எனக்குத் தெரியும்.

செப். 9, செவ்வாய்

பலகை வெட்டியாயிற்று. சாதாரண பிளைவூட் எங்கள் உப்புக் காற்றுக்கு ஒரு வருடத்தில் பப்படம். ஆகவே படகுக்குப் பூசுகிற ரெசின் பசையும் கண்ணாடிநார்ப் பாயும் வாங்கி மூலை மூலையாகப் பூசினேன். ஊசி முனைக்கும் ஒழுக்கு இல்லை. தண்ணீரில் விட்டால் மிதக்கும்.

கை முழுக்க அரிப்பு. ரெசின் மணத்துக்கு யூட் பின்வளவால் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, படகு கட்டுறியா?" பல மாதத்துக்குப் பிறகு ஒரு பகிடி.

மீன்: ஒட்டி. நல்ல கொழுப்பு.

செப். 11, வியாழன்

பூட்டியாயிற்று. நாலு போல்ட்டு. மீன் பெட்டி பக்கத்தில் கச்சிதமாக இருக்கிறது. மாதா அசையவில்லை.

பஸ் நிலையப் பக்கம் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். ஆகா. நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஒரு கழுதை ஓட்டோவோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றது, விரட்டியும் போகவில்லை. தாசன் அண்ணன் இரண்டு தரம் சுற்றி வந்தும் ஒரு பிழையும் பிடிக்கவில்லை. அவர் பிழை பிடிக்காவிட்டால் வேலை நல்லது என்று அர்த்தம்.

யூட் சீற்றில் இருந்து இரண்டு பாட்டு முழுக்கக் கேட்டார். இறங்கி என் தோளில் தட்டினார். "நல்லாத்தான் செய்திருக்கிறாய். ஆனா பாட்டு வேற, கடல் வேற, ராணி."

சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக் குசினிக்குள் வந்து அடுப்படியில் இருந்து அழுதேன். என்ன பெட்டி அடித்து என்ன.

செப். 13, சனி

மானக்கேடு.

யூட்டுக்குப் பாப்பாமோட்டைக்கு ஒரு ஹயர் ஓட்டம். மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் பின்னால் இருந்த அம்மா கத்தத் தொடங்கினாராம். "தம்பி, சீற்றுக்குக் கீழ ஆரோ முனகினம்!" பிளேயர் போடவே இல்லை. ஆனாலும் ஊ என்று இரைச்சல், சீற் முழுக்க நடுக்கம். பாலம் முடியுமட்டும் அந்த அம்மா செபமாலையைக் கையால் விடவில்லையாம்.

கேட்டவுடனே பிழை எங்கே என்று விளங்கிவிட்டது. பாலத்தால் தீவுக்கு வெளியே போகும்போது சோழகம் வலப்பக்கத்தால் அடிக்கும். வலப்பக்கம் குழாயின் வாய். வெறும் போத்தல் வாயில் ஊதினால் என்ன நடக்குமோ அதுதான். இவ்வளவு காலமும் கண்ணாடி ஏற்றிய வானுக்குத்தான் பெட்டி அடித்தேன். திறந்த ஓட்டோவுக்கு இதுதான் முதல்.

தாசன் அண்ணன் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "மன்னாரில பிறந்துபோட்டுக் காத்தை மறந்தனியே!" சிரிக்கட்டும். கணக்கு 38 என்றால் 38இல்தான் ஊதுகிறது, அதைக் கவனித்தாரா?

இப்போதைக்குப் பழைய சாக்குத் துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்துவிட்டேன். திங்கள் அன்று வாய்க்கு ஒரு தடுப்பு வெட்ட வேண்டும்.

யூட் நாளைக்குச் சிலாவத்துறைக்குப் போட்டுப் போக வெள்ளைச் சேர்ட்டை அயன்பெட்டியால் மினுக்கி வைத்திருக்கிறார். நான் மினுக்கவில்லை.

செப். 14, ஞாயிறு

முதல் பூசை முடிந்து சிலாவத்துறைக்குப் புறப்பட்டோம். நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டேன். தடுக்க முடியாவிட்டாலும் கையையாவது பிடித்துக்கொண்டு வரலாம்.

பாலத்தின் தொடக்கத்தில் ஓட்டோவை நிற்பாட்டினார். இறங்கி வலப்பக்கம் போய்ச் சாக்கை இழுத்து எடுத்தார். "என்ன செய்யிறீங்கள்?" அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி. ஏறி, பிளேயரை நிற்பாட்டிவிட்டு ஓட்டினார்.

ஊ என்று தொடங்கியது. எனக்குக் காலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும். நல்ல காற்று வந்தபோது தடித்தது, விழுந்தபோது மெலிந்தது. பாலம் முடியும் இடத்தில் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க ஈரம்.

"நேற்று அந்த அம்மா கத்தேக்க எனக்கும் இந்த இரைச்சல் கேட்டது. தண்ணிக்கு அடியில இப்பிடித்தான் கேக்கும், ராணி. இதே சத்தம். காது வெடிச்ச நாளிலயிருந்து இதைத்தான் தேடித் திரிஞ்சனான்."

இத்தனை நாளும் அவர் கடலுக்குப் போக நின்றது அட்டைக்கு என்று நினைத்தேன். மடைச்சி நான்.

சிலாவத்துறைக் கரை. ஹனீபா நானா படகுக்குப் பக்கத்தில், வெள்ளைத் தொப்பி. யூட் நேரே போகாமல் ஓட்டோவை ஒரு வட்டம் அடித்து, வலப்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தினார். கடற்காற்றில் இரைச்சல் நிற்கவில்லை.

நானா சிரித்துக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

யூட் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தபடியே கொண்டுபோய்க் குழாயின் வாயில் வைத்தார்.

"நானா, காது சுகம் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான். இனி நான் இறங்கேல்ல. இதைப் பாருங்கோ. என்ர மனுசி செய்தது."

நானா மற்றக் கையையும் குழாய் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, காத்து விழுந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

சோழகம் போனால் வாடைக் காற்று. பாலத்தில் வாடை இடப்பக்கத்தால் வரும். பெட்டியைத் தலைகீழாக்கி இடப்பக்கம் பூட்டினால் வாயும் அந்தப் பக்கம் போகும், இரைச்சலும் நிற்காது, மீன் பெட்டி வலப்பக்கம். நாலு போல்ட்டு, அவ்வளவுதான்.