நாற்பது குதிரைவலு

கல்முனைக்குடி
14.03.2010

அன்பு மச்சான் அபுல் ஹஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். தோஹாவில் உங்களுக்கு அல்லாஹ் சுகத்தையும் தொழிலில் பரக்கத்தையும் தரவேண்டும். உங்கள் உம்மாவுக்குக் கால்வலி குறைவு. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டேன் என்று ஏசிவிட்டு, புட்டும் மீன் ஆணமும் தந்தார்.

சென்ற கடிதத்தில் என் டட்சன் காருக்கு நாற்பத்தொரு குதிரைவலு என்று எழுதியிருந்தேன். நீங்களும் சந்தோஷப்பட்டு, நாற்பது இருந்தாலே போதும், பேசியபடியே கொழும்புக்கு வாடகை ஓடிக்கொண்டு ஊரிலேயே இருங்கள், விசாவைப் பற்றி இனிக் கதைக்கமாட்டேன் என்று பதில் போட்டீர்கள். அந்தக் கணக்கில் ஒரு பிழை, மச்சான்.

ஓட்டத்தில் பிழை இல்லை. உங்கள் கராஜில் டிராக் ரேஸ் கார்களுக்குச் செய்வதுபோலவே செய்தேன். சண்டை முடிந்தபிறகு மாவடிப்பள்ளி வீதியில் மறித்து இறக்கிச் சோதிக்க ஆமிக்காரர் இல்லை. சுபஹு தொழுதுவிட்டுப் போனால் எருமைகள் மட்டும்தான் குறுக்கே நிற்கும். நாடா பிடித்துக் கால் மைல் அளந்தோம். காரைதீவுச் செல்லத்தம்பி ஸ்டொப் வொட்சோடு அந்த முனையில் நின்றான். நான் லைட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டதும் அழுத்துவான். மூன்று தரம் ஓடினேன், மூன்றும் இருபத்தொரு செக்கனுக்குள். கடல்தண்ணீர் குடித்த இன்ஜின் இனி எழும்பாது என்றீர்களே, உங்களிடம் வீம்பு பேச ஆசையாக இருந்தது.

பிழை நிறையில். காரும் உள்ளே இருப்பவர்களும் என்ன நிறை, கால் மைலுக்கு என்ன நேரம், இந்த இரண்டையும் வைத்துத்தானே வலுவைப் பிடிக்கிறோம். வெறும் காரை நெல் ஆலைத் தராசில் நிறுத்தேன். அதன்கீழ் ஆட்களின் நிறையை எழுதிக் கூட்டினேன். நேற்றுச் செல்லத்தம்பி அந்தத் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தான். பிறகு, "ஹமீட், நீ தனியத்தானே ஓடின?" என்று கேட்டான்.

எழுபது, ஐம்பத்தைந்து, பதினாறு என்று என் கையெழுத்தில் இருந்தது. எனக்குக் கீழே உங்கள் தங்கை சுஹறா, அவளுக்குக் கீழே பஸ்னா. அந்தக் காரில் எங்கே போனாலும் மூன்று பேராகத்தானே போவோம். கடல் அவர்களைக் கொண்டுபோய் ஐந்து வருடம் கழிந்தும் கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது. இருந்தால் பிள்ளைக்குப் பத்து வயது. இன்னும் பதினாறு கிலோவிலா நிற்பாள்?

என் நிறையை மட்டும் போட்டுச் செல்லத்தம்பி கணக்குப் பார்த்தான். முப்பத்தெட்டு. இன்ஜின் டைமிங்கைத் திருத்தினால் இன்னும் இரண்டு ஏறும், நாற்பது பிடிக்கும் என்கிறான். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் போனபிறகு தாளைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அந்த இரண்டு நிறைகளையும் வெட்ட என்னால் முடியவில்லை.

மச்சான், இந்த வீட்டில் தனியாக இருந்தது போதும். விசாவை அனுப்புங்கள். உங்கள் அறையில் ஒரு பாய் போட இடம் இருந்தாலும் காணும். பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடுவது கேட்டால் நான் தூங்கிவிடுவேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். பதிலைத் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் மச்சான்,
ஹமீட்