புருவத்தில் வெட்டுள்ள கண்ணாடிச் சிறுமி

அம்மாவுக்கு,

லைப்சிக் பழம்பொருள் சந்தையில் நேற்று ஒரு கண்ணாடிப் பொம்மை வாங்கினேன். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிறுமியின் தலை. காது மடலைப் பார்த்ததுமே அப்பா செதுக்கிய அச்சு என்று தெரிந்தது. கண்ணாடி ஊதும் நம் ஊர் லாவுஷாவில் வேறு எந்த வீட்டிலும் காதை அப்படிச் செதுக்கியதில்லை.

ஆனால் உலோக மூடியில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்திருந்தது. அப்பா ரஷ்யச் சிறைமுகாமில் இறந்ததாக நீ சொன்னது நாற்பத்தெட்டில். அந்த நாடே அடுத்த வருடம்தான் உருவானது. மூடியைப் பிற்பாடு யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். பழைய பொம்மைகளில் அது சகஜம்.

கூட வந்த ஹில்ட்ரூன் சிரித்தாள். “ஏய், இது உன் மூஞ்சிடி! முறைக்கிறதுகூட அப்படியே இருக்கு.”

அப்போதுதான் இடப் புருவத்தைப் பார்த்தேன். குறுக்கே ஒரு வெட்டு, அச்சிலேயே செதுக்கியது.

சறுக்குவண்டியிலிருந்து விழுந்து எனக்கு அந்தத் தழும்பு வந்தது ஐம்பதாம் வருடம். அதற்குப் பிறகு எடுத்த என் புகைப்படத்தை நம் கிழக்கிலிருந்து எல்லைக்கு அப்பால் யார் அனுப்பியது? உன்னைத் தவிர யாரிடம் இருந்தது?

ஒவ்வொரு நவம்பரிலும் என்னோடு சேர்ந்து அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாயே, அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், விலாசத்தை மட்டும் எழுதி வை.

உன் மகள்